ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்: தீவுச் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு, அதிலும் வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தும் ஹோம் தியேட்டர் ரிசீவர் செத்துக் கிடக்கிறவர்களுக்கு,



கல்யாணப் பந்தியில், வெற்றிமலை முருகன் கோயில் வாசலில், ஜங்லிகாட்டில் மீன் வாங்கும்போது என்று எங்கே பார்த்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான். "ரிசீவர் போயிடுச்சு அண்ணே, புதுசு எது வாங்கலாம்? எத்தனை வாட்?" நான் பதிலுக்கு, "உங்க ஸ்பீக்கர் எத்தனை ஓம்?" என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறீர்கள். ஸ்பீக்கரைப் பற்றி எதுவும் தெரியாமல் ரிசீவரைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் இந்தக் கவலை நமக்கு இவ்வளவு இல்லை. சாட்டிலைட் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த இன்டர்நெட்டில் ஒரு பாட்டை இறக்குவதே பெரும்பாடு. புதுப்படம் என்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் யாரோ ஒருவருடைய ஹார்டு டிஸ்க்தான் கதி. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம், எனக்கு வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது), ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் என்று கிரேட் நிக்கோபார் வரைக்கும் அது போகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு 4கே டி.வி. வந்தது, ஓ.டி.டி. வந்தது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு முழுப்படம் பார்த்து முடிக்கலாம். அப்போதுதான் பலரும் பரணிலிருந்த ஹோம் தியேட்டரைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஸ்பீக்கர்கள் பாடின. ரிசீவர்கள் பாடவில்லை.

அதில் ஆச்சரியமில்லை. நல்ல ஸ்பீக்கர் என்பது மரப்பெட்டி, காந்தம், காகிதக் கூம்பு, கொஞ்சம் செம்புக்கம்பி. முப்பது வருஷம் உழைக்கும். ரிசீவர் என்பது ஒரு கம்ப்யூட்டரும் ஓர் அடுப்பும் ஒரே தகரப்பெட்டிக்குள் இருப்பது. வருஷத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, உப்புக்காற்று, டீசல் ஜெனரேட்டர் கரண்ட், இந்த மூன்றையும் அது தாங்க வேண்டும். மூடியைத் திறந்தால் நம் தீவின் கதையே உள்ளே தெரியும். எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டின் தகரக்கூட்டில் பச்சை பூத்திருக்கும். ரிலேவுக்குள் எறும்பு மண் வைத்திருக்கும். பவர் போர்டில் குறுக்கே விழுந்து கருகிய பல்லி ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்பீக்கரைச் சொத்தாகவும் ரிசீவரைச் செலவாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். செலவைச் சொத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். ஆனால் பலர் புதுப் பெட்டியின் அட்டையிலிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்கி, ஸ்பீக்கரையே மாற்றுகிற அளவுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு சவுண்ட்பார் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பத்துக் கிலோ மரப்பெட்டி செய்கிற வேலையை முழநீள பிளாஸ்டிக் குழாயிடம் எதிர்பார்த்தால் என்ன சொல்ல.

கடைக்குப் போகுமுன், உங்கள் ரிசீவர் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். "படமும் வரலை, சத்தமும் வரலை" என்று கொண்டுவரும் பெட்டிகளில் நிறையப் பெட்டிகளுக்கு ஆம்ப்ளிபையர் பகுதி நன்றாகவே இருக்கும். போனது எச்.டி.எம்.ஐ. போர்டு மட்டும். அது போய்விட்டால் முழுப்பெட்டியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எல்லாக் கருவிகளையும் டி.வி.யில் நேராகச் செருகுங்கள். டி.வி.யின் பின்னால் ஆப்டிகல் அவுட் என்று ஒரு சின்னச் சதுரத் துளை இருக்கும். அதிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள் போட்டால் டால்பி டிஜிட்டல் 5.1 முழுசாகக் கிடைக்கும். டால்பி அட்மாஸ் அந்த வழியில் வராது. வராவிட்டால் போகட்டும். இந்தக் கேபிளுக்குள் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். கடலுக்கடியில் நமக்கு இன்டர்நெட் கொண்டுவருவதும் அதே வெளிச்சம்தான். உப்புக்காற்று அதை அரிப்பதில்லை. சில நூறு ரூபாய்க் கேபிளில் முடிகிற காரியத்துக்குப் பலர் முப்பதாயிரம், நாற்பதாயிரம் செலவழித்திருக்கிறார்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் டி.டி.எஸ். ஒலியோடு படங்கள் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. சில டி.வி.க்கள் டி.டி.எஸ்.ஸை வெளியே விடுவதில்லை. அப்படியானால் அந்த ஹார்டு டிஸ்க்கை ஓட்டும் பிளேயரின் ஆப்டிகல் கேபிளை டி.வி.க்குக் கொடுக்காமல் ரிசீவருக்கே நேராகக் கொடுங்கள்.

ரிசீவர் நிஜமாகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஸ்பீக்கரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதில் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: ஓம், டெசிபல், வாட். நாம் எல்லோரும் மூன்றாவதைத்தான் பார்ப்போம். முக்கியம் முதல் இரண்டும்தான்.

ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்து போயிருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் வையுங்கள். 6-ஐ ஒட்டிக் காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3-க்கு மேல் கொஞ்சம் காட்டினால் 4 ஓம். மீட்டர் காட்டுவது கம்பிச் சுருளின் தடையை மட்டும் என்பதால் அச்சடித்ததை விடக் குறைவாகத்தான் இருக்கும். எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி, டார்ச்சுக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரி. இரண்டு வயரால், பிளஸ் பிளஸோடு சேரும்படி, ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டப்" என்று சத்தம் வந்து கூம்பு முன்னால் தள்ளினால் ஆள் உயிரோடு இருக்கிறார், பிளஸ் மைனஸும் சரி. பின்னால் போனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. சத்தத்தோடு கரகரவென்று மணல் உரசுகிற ஒலி கேட்டால் சுருள் காந்தத்தில் இடிக்கிறது. கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். ரப்பர் என்றால் தொட்டதும் நெளியும். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரத்தில் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். வளையம் மட்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். சென்னை ரிட்சி தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சோதனைகளில் ஸ்பீக்கர் தோற்றால் ரிசீவர் பேச்சையே எடுக்காதீர்கள்.

இனி ஓம் கணக்குக்கு வருகிறேன். ரிசீவர் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் அதிலிருந்து இரண்டரை ஆம்பியர் இழுக்கும், 50 வாட். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட். 3 ஓம் என்றால் ஏழு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, 130 வாட்டுக்கு மேல். ஓம் குறையக் குறைய ரிசீவருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதிகக் கரண்டைத் தள்ள வேண்டும், அதிகச் சூட்டையும் தாங்க வேண்டும். ரிசீவரின் முதுகில் ஸ்பீக்கர் முனைகளுக்கு மேலே "6 முதல் 16 ஓம்" என்கிற மாதிரி அச்சடித்திருப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், 4 ஓமுக்குப் பொறுப்பேற்பதாகக் கம்பெனியே கையேட்டில் எழுதியிருக்கும் ரிசீவரைத்தான் வாங்க வேண்டும். அது கொஞ்சம் விலை கூடிய வரிசையில்தான் கிடைக்கும். சில பெட்டிகளில் ஓமை மாற்ற ஒரு மெனு இருக்கும். அதை 4 ஓமில் வைத்துவிட்டால் ரிசீவருக்குப் பலம் கூடிவிடாது. பெரும்பாலும் அது உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுதான்.

முன்பக்கம் 6 ஓம், பின்பக்கம் 8 ஓம் என்று கலந்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி ஆம்ப்ளிபையர். ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துக் கட்டுவதுதான் ஆபத்து. இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் சங்கதி. டி.வி.டி. காலத்தில் ஒரே அட்டைப்பெட்டியில் பிளேயர், ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று வந்ததே, அந்த செட். பிளேயர் போனதும் "ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு, ரிசீவர் மட்டும் வாங்கிப் போட்டுக்கலாம்" என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அந்த ஸ்பீக்கர்களில் பல 3 ஓம். கலர் கலராக பிளாஸ்டிக் செருகிகளோடு வந்திருக்கும். செருகியை வெட்டி வயரைச் சீவி மாட்டிவிடலாம், ஓமை வெட்ட முடியாது. அது அந்தப் பெட்டிக்கென்றே செய்த ஸ்பீக்கர். கடையில் விற்கும் ரிசீவரில் போட்டால் கொஞ்சம் சத்தம் கூட்டியதும் புரொடெக்ட் என்று எழுத்து மின்னி அணைந்துவிடும், அணைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அந்த சப்வூஃபரில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. அதற்குச் சொந்தமாக ஆம்ப்ளிபையர் கிடையாது, பிளேயர்தான் அதை ஓட்டியது. புது ரிசீவரின் சப்வூஃபர் துளையிலிருந்து வருவது வெறும் சிக்னல். அதைக் கொண்டு அந்த சப்வூஃபரை அசைக்கக்கூட முடியாது. பின்னால் கரண்ட் வயரும் ஒலி கூட்டும் திருகும் இருந்தால்தான் புது ரிசீவரோடு அது ஒத்துப்போகும். ஆகவே இந்த செட் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, ரிசீவருக்கென்று எடுத்து வைத்த பணத்தில் முதலில் இரண்டே இரண்டு நல்ல 8 ஓம் ஸ்பீக்கர் வாங்குங்கள். மற்றவை அடுத்த போனஸுக்கு.

கோயில் திருவிழா சவுண்ட் சர்வீஸில் மிஞ்சிய நீள ஸ்பீக்கரை வீட்டு ரிசீவரில் மாட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அதற்குள் டிரான்ஸ்பார்மர் இருந்தால் அது 100 வோல்ட் லைனுக்குச் செய்தது. மாட்டாதீர்கள்.

அடுத்தது டெசிபல். இதைக் கவனித்தால் ரிசீவர் செலவில் பாதி மிஞ்சும். ஸ்டிக்கரில் 87 டெசிபல் என்று இருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அவ்வளவு சத்தம் என்று பொருள். கராச்சர்மாவிலோ டாலிகஞ்சிலோ ஒரு சாதாரண ஹாலில், மூன்று மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால் சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்து அது 80 டெசிபல் போல வந்து சேரும். நாம் படம் பார்க்கிற சராசரிச் சத்தம் 75-ஐத் தாண்டாது. அதற்கு ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். நம்புங்கள். குண்டு வெடிக்கிற இடத்தில் சத்தம் 20 டெசிபல் எகிறி 95-க்குப் போகும்போதுதான் 30 வாட் தேவைப்படும், அதுவும் கண்ணிமைக்கும் நேரம். 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 70 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் காதில் விழும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்தான். ஆனால் 84 டெசிபல் ஸ்பீக்கர் வைத்திருப்பவர், 90 டெசிபல் ஸ்பீக்கர்காரர் கேட்கிற அதே சத்தத்தைக் கேட்க நாலு மடங்கு வாட் கொடுத்தாக வேண்டும். பெரிய ரிசீவர் யாருக்கு வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் முதுகுதான் சொல்லும்.

அட்டையில் போட்டிருக்கும் வாட் எண் இன்னொரு விளையாட்டு. ஒரே பெட்டிக்கு ஓரிடத்தில் 135, இன்னோரிடத்தில் 100, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 70 என்று இருக்கும். மூன்றும் பொய்யில்லை. ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், ஒரே சுருதியில், ஒலி பத்து சதவீதம் சிதைகிற வரைக்கும் முடுக்கினால் பெரிய எண் வரும். இரண்டு சேனலை 8 ஓமில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்து ஓட்டினால் வருவது சின்ன எண். அந்தச் சின்ன எண்ணைத்தான் பாருங்கள். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கத்தினால் அதுவும் கணிசமாக இறங்கும். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே டிரான்ஸ்பார்மர்தான். இரண்டு ரிசீவருக்கும் வாட் ஒன்றுபோல இருந்தால் இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருப்பதில் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் பெரிதாக இருக்கும்.

கரண்ட் உள்ள சப்வூஃபர் இருக்கிற வீட்டில் ரிசீவரின் பாரத்தைக் குறைக்க செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். அதற்குக் கீழேயுள்ள அதிர்வெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். மரத்தரை போட்டு உயர்த்திக் கட்டிய நம் பழைய வீடுகளில் தரையே மத்தளமாகிவிடும் என்பதால் சப்வூஃபருக்குக் கீழே ஒரு கருங்கல் பலகை வைத்தால் பக்கத்து வீட்டாரோடு உறவு நீடிக்கும். தகரக் கூரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் மாத மழை தகரத்தில் அடிக்கும்போது எந்த ரிசீவராலும் அதை ஜெயிக்க முடியாது. முடுக்கினால் ஒலி வெட்டுப்பட்டு ட்வீட்டர்தான் கருகும். மழை நிற்கட்டும், படம் எங்கேயும் ஓடிவிடாது.

எத்தனை சேனல் வேண்டும் என்பதில் கடைக்காரர் உங்களை 7.2-க்குத் தள்ளப் பார்ப்பார். உங்களிடம் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இருந்தால் 5.1 ரிசீவர் போதும். நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்கள் எந்த ஒலியில் வந்தவை என்று யோசியுங்கள். டால்பி ஸ்டீரியோ ஒலி தமிழில் 'குருதிப்புனல்' மூலம் வந்தது 1995-ல். டி.டி.எஸ். 1996-ல் 'கருப்பு ரோஜா'வில். அதே வருஷம் நம் செல்லுலார் ஜெயிலைக் கதைக்களமாகக் கொண்டு, இளையராஜா இசையில் 'சிறைச்சாலை' வந்தது; அதன் மலையாள வடிவமான 'காலாபானி' ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியது. தலைக்கு மேலிருந்து சத்தம் வருகிற அட்மாஸ், 2012-ல் 'சிவாஜி 3டி'யில்தான் இந்தியாவில் முதலில் கேட்டது. அதற்கு முந்தியது பெரும்பாலும் 5.1 அல்லது அதற்கும் குறைவு. கூரையில் ஸ்பீக்கர் தொங்கவிடத் திட்டமிருந்தால் மட்டும் 7 சேனல் வாங்குங்கள். வருங்காலத்துக்கு ஏதாவது வசதி வேண்டும் என்றால் சேனலைக் கூட்டுவதை விட "ப்ரீ-அவுட்" துளைகள் உள்ள பெட்டியைத் தேடுங்கள். நாளைக்கு ஆம்ப்ளிபையர் பகுதி போனாலும் வெளியே ஒரு பவர் ஆம்ப்ளிபையர் வைத்து ஓட்டிவிடலாம். எச்.டி.எம்.ஐ.யில் இ-ஏ.ஆர்.சி. இருக்கிறதா என்றும் பாருங்கள். டி.வி.யிலும் அது இருந்தால் ஒரே கேபிளில் எல்லா ஒலியும் வந்துவிடும், இருக்கிற மற்ற சாக்கெட்டுகள் அரித்துப் போனாலும் பிழைப்பு ஓடும்.

சினிமாவை விடப் பாட்டுத்தான் முக்கியம் என்கிற வீட்டுக்கு ரிசீவரே தேவையில்லை. ஆப்டிகல் இன் உள்ள இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் போதும். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, எச்.டி.எம்.ஐ. போர்டு பெரும்பாலும் கிடையாது, பழுதாக வழியும் குறைவு. பழுதானாலும் சால்டரிங் தெரிந்த உள்ளூர்ப் பையன் சரி செய்துவிடுவான். என்னைக் கேட்டால், நம் தீவில் பாதி வீடுகளுக்கு இதுதான் சரி. ஆனால் இதைப் பற்றி யாரும் என்னைக் கேட்பதில்லை.

பிராண்டைப் பற்றிக் கேட்பீர்கள். டெனான், யமஹா, மராண்ட்ஸ், சோனி, ஆன்கியோ, பயனியர், எல்லாம் நல்ல பெயர்கள்தான். பெயரை மட்டும் நம்பாதீர்கள், இன்றைக்கு அதை யார் நடத்துகிறார்கள், இந்தியாவில் யார் சர்வீஸ் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆன்கியோவின் ஹோம் என்டர்டெயின்மென்ட் கம்பெனி 2022 மே மாதம் ஜப்பானில் திவால் மனுப் போட்டது. அந்தப் பெயரில் இப்போது பெட்டி விற்பவர்கள் வேறு. இது குறையல்ல, தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வாரன்டி கார்டில் எத்தனை வருஷம் போட்டிருந்தாலும் நமக்கு அது கடல் தாண்டிய வாரன்டி. பெட்டி சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போய்த் திரும்ப வேண்டும். சென்னைக் கப்பலே மூன்று நாள். அதனால் ரிசீவர் வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தயவுசெய்து அடுப்பெரிக்காதீர்கள். அது இல்லாமல் அனுப்பிய பெட்டி ஒரு பழுதோடு போய் இரண்டு பழுதோடு திரும்பும். விமானத்தில் கொண்டுவருகிறவர்கள் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி, நடுத்தர ரிசீவர் ஒன்றே எட்டுப் பத்துக் கிலோ வரும்.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்புகிறேன் என்றால் எந்த நாடு என்று கேளுங்கள். துபாய், சிங்கப்பூர் கரண்ட் நம் கரண்டோடு ஒத்துப்போகும். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், ஜப்பான் பெட்டி 100. நம் 230-ல் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது.

கரண்ட் விஷயத்தில் நாம் மெயின்லேண்ட் கிரிட்டோடு சேராதவர்கள். சோலார் கொஞ்சம் வந்திருக்கிறது என்றாலும் பெரும்பகுதி இன்னும் டீசல்தான். கரண்ட் போவதை விடத் திரும்பி வரும்போதுதான் கருவிகளைக் கொல்லும். கரண்ட் போனதும் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வந்து ஐந்து நிமிஷம் கழித்துச் செருகுங்கள். முடியாதவர்கள் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். ரிசீவர் பட்ஜெட்டில் அதற்கும் இடம் ஒதுக்காமல் கடைக்குப் போகாதீர்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் ஆக இருக்கட்டும், மற்றதில் ஊளையிடும். இடி மின்னல் சமயத்தில் எல்லோரும் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மின்னல் வருவது டிஷ் கேபிள் வழியாக. மாடியிலிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ., அங்கிருந்து ரிசீவர். அந்தக் கேபிளையும் கழற்றுங்கள்.

ஈரத்துக்கு மருந்து சூடு. ரிசீவரைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி, விசேஷ நாளில் மட்டும் எடுப்பவர்கள் வீட்டில்தான் அது சீக்கிரம் சாகிறது. தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காயும். மேலே நாலு விரல் அல்ல, ஒரு சாண் காற்று இடம் விடுங்கள். மேலே டோய்லி விரித்துப் பூச்சாடி வைக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். ஸ்பீக்கர் வயரின் நுனியை ஒரு முறை கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், நம் காற்றில் சீக்கிரம் பொடிந்துவிடும். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். சுத்தச் செம்பு வயர் வாங்கிப் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கறுத்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். விலை உயர்ந்த "ஆடியோஃபைல்" வயரெல்லாம் நமக்கு வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்க நம் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது. நேவி, ஆர்மி, ஏர் ஃபோர்ஸ், கோஸ்ட் கார்டு, மத்திய சர்க்கார் ஆபீஸ் என்று டிரான்ஸ்ஃபரில் வந்து போகிறவர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள். கப்பல் கூலிக்குப் பயந்து நல்ல பொருளை மலிவாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். வாங்குமுன் ஒரே ஒரு ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு சேனலிலும் மாற்றி மாற்றி மாட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு அதன் பிறகும் அணையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் 230 வோல்ட் என்று அச்சிருக்கிறதா என்பதையும்.

டிரான்ஸ்ஃபரில் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிசீவரை விற்றால் அதன் ரிமோட்டையும், ஸ்பீக்கர் அளவு பார்க்க அதோடு வந்த குட்டி மைக்கையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களோடு மெயின்லேண்டுக்கு வந்து அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. செத்த ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாமல் ஒரு ரிப்பேர் கடையில் கொடுங்கள். அதிலுள்ள டிரான்ஸ்பார்மரும் ரிலேவும் ஸ்பீக்கர் முனைகளும் இந்தத் தீவில் கடையில் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
போர்ட் பிளேர்.